என் நெஞ்சு வலியை யாரும் நம்பவில்லை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு வயது 47. தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவன், இருபது ஆண்டுகளுக்கு மேல் விசைப்படகில் டிரைவராக இருந்தேன். ஓராண்டாக இடது நெஞ்சில் வலி வருகிறது. யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போலத் தொடங்கி, மூச்சு முட்டி, விரல் நுனிகள் மரத்துப்போய், இதோ உயிர் போகப்போகிறது என்று நினைக்க வைத்து, அரை மணி நேரத்தில் தானாக அடங்கிவிடுகிறது. நான்கு முறை ஈசிஜி எடுத்தாயிற்று. ராமநாதபுரத்தில் ரத்தப் பரிசோதனையும் எக்கோவும், மதுரையில் டிரெட்மில் சோதனையும் செய்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். கடைசியாகப் பார்த்த மருத்துவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஒன்றுமில்லை, டென்ஷன்தான், மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்றார். ஏர்வாடிக்கு அனுப்பும் நிலையிலா நான் இருக்கிறேன்?

முன்பெல்லாம் எனக்கு வலி வந்தால் மனைவி பதறிப்போவாள். இப்போது வெந்நீரை எடுத்து வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். மைத்துனரோ, மச்சானுக்கு வேலைக்குப் போக மனமில்லை என்று ஊரில் சொல்லித் திரிகிறார். போன திங்கள் இரவு வலி தாங்காமல் தரையில் படுத்துவிட்டேன். புதன் இரவும் அப்படித்தான். சனி இரவு வந்த வலியில் ஞாயிறு பூசைக்குப் போக முடியவில்லை. மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதமும் நன்றாகத்தான் இருந்தேன், என்ன காரணமோ தெரியவில்லை. ஒருவர்கூட நம்புவதில்லை.

நான் பயந்தவன் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, யாழ்ப்பாணத்தில் 40 நாள் சிறையில் இருந்து வந்தவன். மறுபடி பிடிபட்டால் தண்டனை நிச்சயம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அதன் பிறகும் தொழிலுக்குப் போனேன். இந்த வலிதான் என்னைக் கரையில் உட்கார வைத்தது. வீட்டு வருமானத்துக்குக் குறையில்லை. பாலிடெக்னிக்கை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு மகன் அதே படகில் போகிறான், அவனாக விரும்பித்தான் போகிறான். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிடலாமா? என் வலியை ஒருவராவது நம்பும்படி செய்ய வழியுண்டா?

— ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் வலியை நான் நம்புகிறேன். "ஒன்றுமில்லை" என்றால், அந்தச் சோதனைகளில் இதயக் கோளாறு தென்படவில்லை என்பதுதான் பொருள்; வலி பொய் என்று பொருளில்லை. அச்சம் மிகும்போது அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கிறது. மூச்சு வேகமாக ஓடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் இறுகி, உண்மையாகவே நோகின்றன. ஆஞ்சியோ தேவையா என்பதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நடக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ வலி வந்தாலும், வியர்த்துக் கொட்டி வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வழக்கத்துக்கு மாறாக நீடித்தாலும், டென்ஷன் என்று இருந்துவிடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

இத்தனை குறைகளுக்கு நடுவே, வருமானக் கணக்கைச் சொல்வது போல ஒரே வரியில் மகனைச் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றேன். திங்கள், புதன், சனி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ராமேசுவரம் தீவில் விசைப்படகுகள் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் நாள்கள் அவைதாம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாளும் வலி வராததற்குக் காரணம் தெரியவில்லை என்கிறீர்கள். அந்த 61 நாளும் உங்கள் மகன் வீட்டில் படுத்து உறங்கினான், சகோதரரே.

இப்போது நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கலாம். சிறையிலிருந்து வந்தவர் மறுபடி சிறைக்கு அஞ்சுவதில் எந்த இழிவும் இல்லை. ஆனால் அச்சத்தைச் சொல்லிக் கரையில் இருக்க உங்களால் முடியவில்லை; நோயைச் சொன்னால் முடிந்தது. நீங்கள் நடிக்கவில்லை, வாய் சொல்லாததை உங்கள் நெஞ்சு சொல்லிவிட்டது. அப்படிக் காலியான இடத்தில்தான் பையன் போய் நின்றிருக்கிறான். "அவனாக விரும்பித்தான் போகிறான்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தரையில் சுருண்டு கிடக்கும் தகப்பனையும் காலியான அரிசிப் பானையையும் பார்க்கிற பிள்ளை வேறு என்ன சொல்வான்? அவனிடம் நீங்கள் கேட்டீர்களா, அல்லது அவன் சொன்னதைக் கேட்டு நிம்மதியடைந்தீர்களா?

உங்கள் மனைவியின் பக்கமும் நான் பேசியாக வேண்டும். அதே இரவுகளில்தான் அவர் வெந்நீரை வைத்துவிட்டு வாசலில் போய் உட்காருகிறார். அது உங்கள் மீதுள்ள அலட்சியம் என்று எடுத்துக்கொண்டீர்கள். வாசலில் இருந்து அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒருநாளாவது பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். ஒரே பயத்தை இருவரும் ஆளுக்கொரு மூலையில் வைத்துக் காவல் காக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மனநல மருத்துவர் என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வருவது நம் மாவட்டத்துக்காரர்களின் வடு. 2001 ஆகஸ்டில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட ஊர் அது. ஆனால் உங்களுக்குத் தேவை ஒரு நாற்காலியும் எதிரே அமர்ந்து கேட்கும் ஒருவரும்தான். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவை அணுகுங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். வழக்கமான வலி வரும்போது மூக்கால் நிதானமாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து மூச்சை விடுங்கள். படபடப்பு தணிய அது உதவும். ஆனால் மகன் கடலில் இருக்கும் கவலையை அது தீர்க்காது.

ஆகவே அடுத்த டோக்கன் நாளுக்கு முன் மகனை எதிரே உட்கார வைத்து, "நீ போகும் இரவுகளில் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். நெஞ்சு வலியைப் பற்றிப் பேச வேண்டாம். பிறகு, பாலிடெக்னிக்கில் மறுபடி சேர விருப்பமா என்று கேளுங்கள். அவன் இல்லை என்றால் அது அவன் முடிவு. ஆம் என்றால், கரையிலேயே வலை பழுதுபார்ப்பதோ இயந்திர வேலையோ எதை நீங்கள் ஏற்பது என்று மூவரும் அமர்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கும். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.