அரை வரியில் வந்த சித்தி மகன்

கேள்வி: எனக்கு 27 வயது. கம்பம் பக்கம் சொந்த ஊர், அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். ஆஸ்திரேலியாவின் வொர்க் அண்ட் ஹாலிடே விசா (இளைஞர்கள் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம்) குலுக்கலில் பெயர் விழுந்து இங்கே வந்தேன். இரண்டாம் வருட விசாவுக்கு 88 நாள் பண்ணை வேலை காட்ட வேண்டும். அதற்காக விக்டோரியா மாநிலத்தில் மில்டூரா பக்கம் ஒரு பேக்பேக்கர் ஹாஸ்டலில் (ஊர்சுற்றும் இளைஞர்கள் தங்கும் மலிவு விடுதி) ஏப்ரல் பாதியிலிருந்து தங்கியிருக்கிறேன். திராட்சைத் தோட்ட வேலை அவர்களே பிடித்துத் தருவதாகப் பேச்சு. வார வாடகை 230 டாலர். ஆறு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை கிடைத்தது; வேன் காசு பிடித்தது போகக் கைக்கு வந்தது 190 டாலர். தினமும் சாயங்காலம், மறுநாள் வேலைக்குப் போகிறவர்களை எழுதிப்போடும் போர்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். மேனேஜர் ‘அடுத்த வாரம்’ என்பார். எட்டுப் பேர் படுக்கும் அறையில் தூக்கம் இல்லை. ஃப்ரிட்ஜில் பெயர் எழுதி வைத்த குழம்புகூடக் காணாமல் போகிறது. புது ஆள் ஒருவரைக் கூட்டிவந்தால் ஒரு வார வாடகை கழிவு என்றார்கள். மெல்பர்னில் படிப்பை முடித்துவிட்டு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சித்தி மகனை வேலை நிறைய இருக்கிறது என்று வரவழைத்ததில் கொஞ்சம் சமாளிக்க முடிந்தது (கட்டில் காலியில்லை, பின்கதவு ஓரம் மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்). அப்பாவிடம் வேலை பார்ப்பதாகச் சொல்லி, தோட்டத்துப் படங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். காத்திருப்பதா, மெல்பர்ன் போவதா, ஊருக்கே வந்துவிடுவதா? ஆறுதலாக நாலு வார்த்தை எழுதுங்கள்.
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: ஆறுதலுக்கு வேறு ஆளைப் பார். உன் அம்மா வயது எனக்கு, அதனால் ஒருமையில்தான் எழுதுவேன்.

இந்த மாதிரிக் கடிதங்களை இருபது வருடமாகப் படிக்கிறேன். துபாய் கேம்ப், சிங்கப்பூர் டார்மிட்டரி, இப்போது மில்டூரா ஹாஸ்டல். ஊர் மாறுகிறது, ‘அடுத்த வாரம்’ மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் தூக்கமில்லாததும் போர்டில் பெயர் வராததும் என்னை உலுக்கவில்லை. உன் முழுக் கடிதம் நான்கு பக்கம். காணாமல் போன குழம்புக்கே அதில் ஆறு வரி இருக்கிறது. சித்தி மகனுக்கு? ஒரே ஒரு வாக்கியம். அதிலும் வாடகைக் கழிவுக்கு ஒரு பாதி, மெத்தைக்கு ஒரு பாதி. அவன் என்ன சாப்பிடுகிறான், வந்ததிலிருந்து ஒரு நாளாவது வேலைக்குப் போனானா, உன்னிடம் என்ன கேட்டான், ஒன்றுமே காணோம். அவன் பெயரைக்கூட நீ எழுதவில்லை.

‘கொஞ்சம் சமாளிக்க முடிந்தது’ என்று எழுதியிருக்கிறாய். எப்படிச் சமாளித்தாய் என்பதை உடைத்துச் சொல்கிறேன். அங்கே வேலை இல்லை என்று உனக்குத் தெரியும். நாலைந்து வாரம் போர்டைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாய். தெரிந்தே போன் போட்டு ‘நிறைய வேலை இருக்கிறது, வாடா’ என்றாய். வாரா வாரம் சம்பளம் வந்துகொண்டிருந்த இடத்தை விட்டு அவன் கிளம்பி வந்தான். அதற்கு உனக்குக் கிடைத்தது 230 டாலர்.

அவன் ஏன் துருவிக் கேட்கவில்லை தெரியுமா? அண்ணன் சொல்லிவிட்டால் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். அப்படி வளர்ப்பது சரியா என்பது தனிப் பேச்சு. எனக்கே அதில் சந்தேகம் உண்டு. ஆனால் அப்படி வளர்ந்த பிள்ளையிடம் பொய் சொல்வது, சந்தையில் முன்பின் தெரியாதவனை ஏய்ப்பதைவிட மட்டமான காரியம். சந்தையில் வருகிறவன் உஷாராக வருவான். இவன் உன்னை நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

இன்னொன்றையும் நீ யோசிக்கவில்லை. உனக்காவது 88 நாள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. வேலை கிடைத்தால் அடுத்த வருட விசாவுக்கு உதவும். சின்னவன் படித்து முடித்தவன், பட்டதாரிகளுக்கான விசாவில்தான் இருந்திருப்பான். அந்த விசாவை நீட்டிக்க இந்த 88 நாள் ஒரு நாளுக்குக்கூட ஆகாது. கூலியைத் தவிர அவனுக்கு அங்கே வேறு ஆதாயமே கிடையாது. அந்தக் கூலியும் இல்லாத இடத்துக்கு அவனை இழுத்திருக்கிறாய்.

கங்காணிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். இலங்கைக்கும் மலாயாவுக்கும் நம் சனங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனவர்கள். கப்பலில் வந்த வெள்ளைக்காரன் வீடு வீடாக வந்து ஆள் பிடிக்கவில்லை. சொந்த ஊர்க்காரன், பல நேரம் மாமன் மச்சான், நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசினான். வழிச்செலவெல்லாம் ஆளின் பெயரில் கடனாக ஏறும். இலங்கையில் அந்தக் கடனைக் குறித்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அந்தச் சீட்டோடு ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். 1921-ல்தான் அது ஒழிந்தது. கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. உன்னை நான் கங்காணி என்றால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் கங்காணிக்காவது, கூட்டி வந்த ஆள் வேலைக்கு இறங்கினால்தான் காசு. உன் ஏற்பாட்டில் ஆள் வந்து படுத்தாலே போதும்.

அந்த ஹாஸ்டலின் தொழிலே அதுதான். எட்டுப் பேர், ஆளுக்கு 230 என்றால் ஓர் அறைக்கு வாரம் 1,840 டாலர். திராட்சை விளைந்தாலும் விளையாவிட்டாலும் அந்தப் பணம் வந்துவிடும். தோட்டக்காரர் ஒருநாள் காலையில் பன்னிரண்டு பேர் கேட்டால் உடனே வேனில் ஏற்ற ஆள் கையில் இருக்க வேண்டும். அதற்காக நாற்பது பேரைக் காக்க வைப்பதில் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ‘இப்போது வேலை இல்லை, ஜூலையில் வாருங்கள்’ என்று நேர்மையாகச் சொல்லும் விடுதிகளும் இருக்கின்றன, எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. உங்கள் கம்பத்திலிருந்து விடியலில் மலையேறுகிற ஏலத்தோட்ட ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவன் நீ. தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் ஜீப்காரர் தெருவில் வந்து ஹாரன் அடிப்பாரா?

திராட்சைக்காரர் வீட்டுப் பிள்ளை இதில் ஏமாந்தது எப்படி என்று முதலில் எனக்கு ஆச்சரியம். பிறகு புரிந்தது. நீ ஏமாந்ததே திராட்சைக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு உறக்கம் கிடையாது. ஒரு பந்தலில் கவாத்து (கொடியை வெட்டிவிடுவது) நடக்கும், பக்கத்துப் பந்தலில் குலை வெட்டுவார்கள். எந்த மாதம் போனாலும் தோட்டத்தில் ஆளுக்கு வேலை உண்டு. மில்டூரா அப்படியில்லை. முர்ரே ஆற்றுத் தண்ணீரை இறைத்து, சாஃபி சகோதரர்கள் 1887-ல் பாசனக் குடியேற்றமாகத் தொடங்கிய ஊர் அது. குளிர்காலத்தில் கொடி மொத்தமும் இலையைக் கொட்டிவிட்டு உறங்கிவிடும். சாப்பிடுகிற திராட்சை ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் பெரும்பாலும் முடிந்துவிடும். ஒயின் திராட்சையும் ஏறக்குறைய அதே காலம்தான். கவாத்து ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நீ பெட்டியோடு போய் இறங்கியது அறுவடை ஓய்கிற வாரத்தில், மே மாதம் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற பள்ளம். இது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அங்கே விடுதி நடத்துகிறவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் வாரா வாரம் ‘அடுத்த வாரம்’ என்றார். உன் அப்பாவுக்கு நீ அனுப்பிய படங்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. முப்பது வருடம் கொடியோடு நின்ற மனிதர், இலை பழுத்த தோட்டத்தில் பையன் என்ன அறுக்கிறான் என்று இந்நேரம் யோசித்திருப்பார். உன் முகத்துக்காகக் கேட்காமல் இருக்கிறார்.

மெத்தைக்கு வருகிறேன். அதை நீ அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டாய், நான் போட மாட்டேன். 2000-ம் ஆண்டு ஜூன் 23 அதிகாலை, குயின்ஸ்லாந்தில் சில்டர்ஸ் என்ற சிற்றூரில், உன்னைப் போலவே பழம் பறிக்க வந்தவர்கள் தங்கிய பேக்பேக்கர் ஹாஸ்டலில் ஒருவன் தீ வைத்தான். 15 பேர் இறந்துபோனார்கள். தீ எச்சரிக்கை மணி வேலை செய்யவில்லை. ஓர் அறையில் வெளியேறும் கதவைக் கட்டில் அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது உன் வரியை மறுபடி படி: ‘பின்கதவு ஓரம் மெத்தை’. அந்த வீட்டில் தீப்பிடித்தால் எல்லோரும் ஓடி வருகிற வழியில் உன் சித்தி மகன் படுத்திருக்கிறான். இன்று ராத்திரி அந்த மெத்தை அங்கே இருக்கக் கூடாது. உன் கட்டிலை அவனுக்குக் கொடு. நீ எங்காவது நாற்காலியில் உட்கார்ந்து விடியவை. ஒரு ராத்திரி உட்கார்ந்தால் செத்துவிட மாட்டாய்.

நான்கு நாளைக்கு 190 டாலர் என்ற விஷயத்தைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எடைக்கும் எண்ணிக்கைக்கும் கூலி கொடுத்தாலும், வேலை செய்த மணிநேரத்துக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது அங்கே 2022 ஏப்ரல் 28 முதல் தோட்டக்கலைத் தொழிலாளர்களுக்கான விதி. எந்த நாள், எத்தனை மணிக்கு ஏறினாய், எத்தனை மணிக்கு இறங்கினாய் என்பதை நினைவிருக்கும்போதே நோட்டில் எழுது. சம்பளச் சீட்டு கேள். அந்தச் சீட்டு இல்லாமல் 88 நாளை விசா அலுவலகத்தில் எப்படிக் காட்டுவாய்? ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அலுவலகத்தின் எண் 13 13 94. இங்கிலீஷில் பேசத் தயக்கமாக இருந்தால் 131 450-க்குப் போட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல். விக்டோரியாவில் ஆள் அனுப்பும் ஏஜென்ட் எவரானாலும் 2018-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வைத்திருக்க வேண்டும். யாரிடம் உரிமம் இருக்கிறது என்ற பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். உன்னை வேனில் ஏற்றியவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பார். வேன் பாலம் தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனால் நியூ சவுத் வேல்ஸ், அங்கே இப்படியொரு உரிமச் சட்டம் கிடையாது. அதையும் மனதில் வைத்துக்கொள்.

உன் மூன்று கேள்விக்கும் பதில் இதுதான். அந்த ஹாஸ்டலில் இன்னொரு வார வாடகையை முன்பணமாகக் கட்டாதே. திராட்சையையே பிடித்துக்கொண்டு தொங்காதே. குளிர்காலத்தில் அதே வட்டாரத்தில் ஆரஞ்சு பறிப்பு நடக்கும், அந்த நாட்களும் கணக்கில் சேரும். தோட்டக்காரர்களிடம் நேரில் போய்க் கேள். கவாத்துக்கத்தி பிடித்துப் பழகிய கை உனக்கு இருக்கிறது. உன்னோடு அந்த அறையில் படுத்திருக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அது இருக்கும்? ஆறு வாரமாக மேனேஜரின் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரு தோட்டத்து வாசலிலாவது போய் நின்றாயா? நின்றதாகக் கடிதத்தில் இல்லை. ஜூன் முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கு வா. அப்பாவின் பந்தலுக்கும் ஆள் தேவைதான்.

இதெல்லாம் இரண்டாவது. முதலில் சின்னவனை உட்காரவைத்து, கழிவு வாங்கியதைச் சொல். ‘எனக்கும் தெரியாதுடா, என்னையும் ஏமாற்றிவிட்டார்கள்’ என்று ஆரம்பிக்காதே. அவன் வரும்போது உனக்குத் தெரியும். 230 டாலரையும் அவன் கையில் கொடு. இல்லையென்றால் கடன் வாங்கிக் கொடு, உன் கைபேசியை விற்றுக் கொடு. அவன் கட்டிய வாடகையும் உன் கணக்கில்தான் சேரும். பழைய ஓட்டல் முதலாளிக்கு அவன் போன் செய்யும்போது பக்கத்தில் உட்கார். அவன் திட்டினால் வாங்கிக்கொள், அடித்தால் அதையும் வாங்கிக்கொள். சித்திக்கு அவன் வழியாகச் செய்தி போகக் கூடாது. நீயே கூப்பிட்டுச் சொல். அவர் உன்னோடு பேச மாட்டேன் என்றால் அடுத்த வாரமும் கூப்பிடு.

மில்டூராவிலிருந்து மெல்பர்ன் 540 கிலோமீட்டர். நேரடிப் பயணிகள் ரயில் 1993-லேயே நின்றுவிட்டது. பஸ்ஸில்தான் போக வேண்டும், பெரும்பாலும் நடுவில் ரயில் மாற வேண்டியிருக்கும். டிக்கெட்டை நீ எடு. வழிக்குச் சோறு கட்டிக் கொடு. பஸ் கிளம்புகிறவரை நின்றுவிட்டு வந்து எனக்கு எழுது, இந்தத் தடவை அவன் பெயரோடு.