ஜாவாவில் ஸ்ட்ரிங் ஒப்பீடு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஜாவாவில் டைப் செய்வதை வாங்கித் தரும் ஸ்கேனரில் "யெஸ்" என்று டைப் செய்கிறேன். இஃப்-இல் == போட்டு "யெஸ்" உடன் ஒப்பிட்டால் பொருந்தவே மாட்டேன் என்கிறது. அச்சிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்!

பதில்: தம்பி, ஸ்ட்ரிங் (எழுத்துகளின் தொடர்) விஷயத்தில் == எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை. இரண்டு பெயரும் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்டைக் காட்டுகின்றனவா என்று மட்டும்தான் பார்க்கும். நீங்கள் டைப் செய்ததை ஸ்கேனர் புது ஸ்ட்ரிங்காக உருவாக்கித் தருகிறது. எழுத்து அதேதான், ஆப்ஜெக்ட் வேறு. எழுத்துகளையே ஒப்பிடும் ஈக்வல்ஸ் போடுங்கள்.

கேள்வி: என் புரோகிராமில் == சரியாகத்தானே ஓடுகிறது சார்?

பதில்: இரண்டையும் புரோகிராமுக்குள்ளேயே மேற்கோள் குறி போட்டு எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதியவற்றை ஜாவா ஸ்ட்ரிங் பூல் என்ற பொது இடத்தில் ஒரே பிரதியாக வைத்துக்கொள்ளும்; அதனால் == பொருந்துகிறது. எனக்குக் கவலையே இதில்தான். நீங்கள் சோதிக்கும்போது ஓடிவிடும், வேறொருவர் கையால் டைப் செய்யும்போது சொதப்பும். இப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மதிப்பு நல் (எதுவுமே இல்லை) ஆக இருந்தால் ஈக்வல்ஸ் எரர் அடிக்கிறதே?

பதில்: மாறாத சொல்லை முன்னால் வையுங்கள்: "யெஸ்".ஈக்வல்ஸ்(விடை). இரண்டுமே நல் ஆகலாம் என்றால், ஜாவா 7 முதல் ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ் இருக்கிறது.

கேள்வி: தமிழ்ச் சொல்லைத் தேடினால் ஈக்வல்ஸும் கைவிடுகிறது. பட்டியலில் "கொடி" இருக்கிறது, நான் தேடுவதும் "கொடி"தான்.

பதில்: தமிழில் வேலை செய்கிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் "கொ" எழுத இரண்டு வழி உண்டு. க-வுக்குப் பின் ஒகரக் குறி முழுதாக ஒரே எழுத்தாக வரலாம். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. லெங்த் (நீளம்) கேட்டுப் பாருங்கள், ஒரு "கொடி"க்கு 4 வரும், இன்னொன்றுக்கு 5. "கோ", "கௌ" இரண்டிலும் இதே கதைதான். ஜாவா 6 முதல் இருக்கிற நார்மலைசரில், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கும் சொல், தேடும் சொல் இரண்டையும் அதன் வழியாக அனுப்புங்கள். அப்புறம் ஈக்வல்ஸ் சரியாக வரும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எது முன், எது பின் என்று ஒப்பிடும் கம்பேர்டூ போட்டு அகரவரிசைப்படுத்தினேன். "மயில்"-க்கு முன்னால் "மனம்" வந்து நிற்கிறது.

பதில்: கம்பேர்டூ யூனிகோட் எண்ணைத்தான் பார்க்கும். அங்கே ன-வின் இடம் ந-வுக்கு அடுத்து. நம் அகராதியிலோ அது மெய்வரிசையின் கடைசி எழுத்து. ஐசியு4ஜே என்ற ஜாவா நூலகத்தில், மொழிக்கேற்ற வரிசையில் ஒப்பிடும் கொலேட்டரைத் தமிழுக்கென்று அமைத்து வரிசைப்படுத்துங்கள், மயில் முன்னால் வரும்.