கைப்பைக்குள் கிடந்த காது

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. போன மாதம் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்றரை மணி நேரம் என்றார்கள். நான்கு மணி நேரம் ஆகியும் தகவல் இல்லை. நான் தியேட்டர் வாசலை விட்டு நகரவில்லை. அண்ணன் மூன்று மணி நேரம் தாமதமாக வந்து, மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே சண்டை போட்டுவிட்டேன். அம்மா கண் விழித்தபின் இரண்டு நாள் குழப்பமாகப் பேசினார். என்னையே யாரோ போலப் பார்த்தார். நகைகளைக் கழற்றியபோது காது மெஷினையும் கழற்றி என் கைப்பையில் வைத்திருந்தேன், மறுநாள் மாலை அண்ணன் கேட்டபோதுதான் நினைவு வந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் இடது முழங்கால். மனதை எப்படித் தேற்றிக்கொள்வது? இந்த முறை அண்ணனை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அண்ணனின் குற்றங்களுக்கு இரண்டரைப் பக்கம், உங்கள் நடுக்கத்துக்கு ஒரு பக்கம். காது மெஷினுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் போகிற போக்கில். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

நகையோடு சேர்த்துக் கழற்றினீர்களாம். வளையல் இல்லாமல் அம்மா உள்ளே போகலாம். காது இல்லாமல் எப்படிப் போவார்?

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அதன்படி மயக்க மருந்து தருவதற்கு முன்பே நோயாளியின் வாயாலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்: உங்கள் பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், சம்மதம்தானா? இதையெல்லாம் முகக்கவசம் போட்ட ஒருவர்தான் கேட்டிருப்பார். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. காது மந்தமானவர்கள் அப்போது என்ன செய்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் தினமும் பார்த்திருப்பீர்கள். சிரித்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். முழங்காலில் குறி போட்டிருப்பார்கள், ஆவணங்களையும் பார்த்திருப்பார்கள், தப்பு நடக்கவில்லை. ஆனால் அம்மாவை அம்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் அந்த ஒரு நிமிடம் உங்கள் கைப்பைக்குள் போய்விட்டது.

கண் விழித்தபின் வந்த குழப்பத்துக்கு வருவோம். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படி வருவதுண்டு. வலி, வலிக்குத் தரும் மருந்து, தூக்கமின்மை, தொற்று என்று காரணங்கள் பல. காது கேட்காததும் கண் தெரியாததும் அதைக் கூட்டும். அதனால்தான் கண்ணாடியையும் காது மெஷினையும் சீக்கிரம் போட்டுவிடுங்கள், பழகிய முகம் பக்கத்தில் இருக்கட்டும், மணி என்ன, எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். மெஷின் இருந்திருந்தால் குழப்பமே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்பின் தெரியாத அறையில், ஒரு சொல்லும் காதில் விழாமல், ஒரு நாளுக்கு மேல் அவரைக் கிடக்க விட்டிருக்கிறீர்கள். அவர் உங்களை யாரோ போலப் பார்த்தது உங்களுக்கு வலிக்கிறது. அவருக்கு அந்த நேரத்தில் எல்லோருமே வாயை மட்டும் அசைக்கும் யாரோதான்.

நான்கு மணி நேரக் கணக்கைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். நீங்கள் கதவு மூடிய நிமிடத்திலிருந்து எண்ணினீர்கள். மருத்துவர் சொன்ன ஒன்றரை மணி நேரம் கத்தி வைப்பதிலிருந்து தையல் போடுவது வரைக்கும். அதற்கு முன்னால் முறை வரக் காத்திருப்பது, முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பது. பிறகு மீட்பு அறையில் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் கவனிப்பது. எப்போது, யார் வெளியே வந்து சொல்வார்கள் என்று அடுத்த முறை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனதைத் தேற்ற என்னிடம் வழி எதுவும் கிடையாது. பெற்றவள் உள்ளே படுத்திருக்கும்போது பிள்ளைக்கு நடுங்கத்தான் செய்யும், நடுங்கட்டும். ஆனால் வாசலை விட்டு நகராமல் நின்றதையே பெரிய சேவையாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வாசலில் நீங்கள் நின்றதால் அம்மாவுக்கு ஆனது ஒன்றும் இல்லை.

அண்ணனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தாயின் ஆபரேஷனுக்கு மூன்று மணி நேரம் தாமதமாக வரும் மகனுக்கு என்ன காரணம் இருந்தாலும் அது எனக்குப் போதாது. ஆனாலும் உங்கள் நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்துவிட்டேன். அம்மாவுக்கு என்ன தேவை என்று ஒருவர் வாய் திறந்து கேட்ட இடம் அதில் ஒன்றே ஒன்றுதான். கேட்டவர் அவர். அந்த மனிதரைத்தான் வரவேண்டாம் என்று சொல்ல என்னிடம் அனுமதி கேட்கிறீர்கள். தர மாட்டேன்.

இரண்டு மாதம் இருக்கிறது. நோயாளிக்குக் காது கேட்காது என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். மயக்க மருத்துவரைப் பார்க்கும்போது, கடைசி நிமிடம் வரை மெஷினைப் போட்டிருக்கலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள். கழற்றச் சொன்னால், பெயர் எழுதிய சின்ன டப்பாவில் போட்டு, அம்மாவோடேயே மீட்பு அறைக்குப் போகும்படி நர்ஸிடம் கொடுங்கள். உங்கள் கைப்பைக்கு அதில் வேலை இல்லை.

அந்த டப்பாவின் பொறுப்பை அண்ணனிடம் விடுங்கள். இன்றே போன் செய்யுங்கள். மன்னிப்பெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மெஷினுக்கு எந்த நம்பர் பேட்டரி போடுவது என்று கேளுங்கள். 13-ஆ, 312-ஆ? அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.