பயிற்சியாளருக்கு முதல் மடலை மகளே எழுதட்டும்

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளி அணிக்காகவும் கிளப்புக்காகவும் பட்டர்ஃபிளை நீச்சலில் பங்கேற்கிறாள். அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றில் இடமும் உதவித்தொகையும் கிடைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. இதுவரை எந்தக் கல்லூரியும் எங்களைத் தொடர்புகொள்ளவில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்து தரும் நிறுவனங்களை நாடலாமா?
- வாசகி, டாலஸ்

பதில்: அன்புச் சகோதரி, கல்லூரிகள் மௌனமாக இருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது; அவற்றுள் உயர்நிலைப் போட்டிப் பிரிவு டிவிஷன் 1. அதன் விதிகளின்படி, நீச்சல் உள்ளிட்ட பெரும்பாலான விளையாட்டுகளில் டிவிஷன் 1 பயிற்சியாளர்கள், மாணவி பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15ஆம் தேதிக்கு முன் அணியில் சேர்ப்பது குறித்து அவருக்கு மடல் எழுதவோ தொலைபேசியில் பேசவோ கூடாது. ஆனால் மாணவி எழுதுவதற்குத் தடை ஏதுமில்லை. கல்லூரி அணியின் இணையதளத்தில் உள்ள விவரப் படிவத்தை இப்போதே நிரப்பி அனுப்பலாம்.

அந்த மடலைத் தங்கள் மகளேதான் எழுத வேண்டும். பெற்றோர் எழுதும் மடலிலிருந்து, நான்கு ஆண்டுகள் தம் அணியில் இருக்கப்போகும் பெண் எப்படிப்பட்டவள் என்பதைப் பயிற்சியாளரால் அறிய முடியாது. மடலின் தலைப்பிலேயே பெயர், பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டு, '100 கெஜம் பட்டர்ஃபிளை' என்ற பிரிவு, அதில் அவளுடைய மிகச் சிறந்த நேரம் ஆகியவை இடம்பெறட்டும். உள்ளே மதிப்பெண் சராசரியையும், அடுத்து நீந்தவிருக்கும் போட்டிகளையும், அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததற்கான உண்மையான காரணத்தையும் சுருக்கமாகச் சொன்னால் போதும். அந்த அணி கலந்துகொள்ளும் மண்டலப் போட்டியின் முடிவுகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் நேரங்களோடு தன் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தக் கல்லூரிகளுக்கு எழுதுவது பொருத்தம் என்பது அவளுக்கே விளங்கிவிடும். இத்தனையையும் வீட்டிலிருந்தே செய்ய முடியும் என்பதால், பெருந்தொகை கேட்கும் நிறுவனங்கள் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

படிப்பில் கவனம் தளர்ந்தால் நீச்சல் வேகம் கைகொடுக்காது. டிவிஷன் 1 தகுதிக்கு ஆங்கிலம், கணிதம், அறிவியல் முதலிய 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் 4.0 அளவுகோலில் 2.3 மதிப்பெண் சராசரியாவது பெற்றிருக்க வேண்டும். அவற்றுள் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்தாக வேண்டும் என்பதால், அடுத்த ஆண்டுப் பாடத் தேர்வுக்கு முன் பள்ளி ஆலோசகரைச் சந்தித்துவிடுங்கள்.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, நீச்சலில் முழுத்தொகை கிடைப்பவர்கள் மிகச் சிலரே. பலருக்கும் ஒரு பகுதிதான் கிடைக்கிறது. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் டிவிஷன் 3 கல்லூரிகளும் விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்குவதே இல்லை. அதற்காக அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். குடும்ப வருமானத்தைக் கருதி அவை தரும் நிதியுதவி சில வேளைகளில் விளையாட்டு உதவித்தொகையைவிட அதிகமாக இருப்பதுண்டு. டிவிஷன் 3 கல்லூரிகளில் பல, கல்வித் திறனுக்காகவும் கட்டணத்தைக் குறைக்கின்றன.

பயிற்சியாளர் வாய்மொழியாகத் தரும் உறுதி இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு, காயம்பட்டால் அது தொடருமா என்பவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே மற்றக் கல்லூரிகளுக்கு மறுப்புச் சொல்லுங்கள். பயிற்சியாளர் வேறிடம் மாறிப்போனாலும், தோள்வலியால் நீச்சலையே நிறுத்த நேர்ந்தாலும் அங்கேயே படிக்க விரும்புவாளா என்று மகளிடம் கேளுங்கள். தயங்காமல் 'ஆம்' என்று அவள் சொல்லும் கல்லூரிகளுக்கு முதலில் எழுதச் சொல்லுங்கள்.