பழைய லேப்டாப்பை எண்ணெயில் முக்கலாமா?

கேள்வி: திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வீட்டு ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் ஃபைல் சர்வராக்கி இரவும் பகலும் ஓடவிட ஆசை, ஆனால் ஃபேன் இரைச்சல் தாங்கவில்லை. மதர்போர்டை மட்டும் எடுத்து எண்ணெய்ப் பெட்டியில் முக்கி, காற்றுப் புகாமல் மூடிவிட்டால் சத்தமே இருக்காதாமே? ஷார்ட் ஆகாதா?

பதில்: மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) என்றால் ஷார்ட் ஆகாது, அது மின்சாரத்தைக் கடத்தாது. 1985இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரே ஃப்ளூரினெர்ட் என்ற திரவத்தில் மூழ்கித்தான் ஓடியது. அந்தத் திரவம் நமக்கு எட்டாத விலை, அதைச் செய்துவந்த 3எம் நிறுவனமும் 2025 இறுதிக்குள் அந்த வகை ரசாயனங்களையே நிறுத்தப்போவதாக 2022இல் அறிவித்துவிட்டது. சமையல் எண்ணெய் வேண்டாம், நாளானால் சிக்கு வாடையும் பிசுக்கும்தான் மிஞ்சும். பழைய டிரான்ஸ்ஃபார்மரில் வடித்த எண்ணெய் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் தொடவே தொடாதீர்கள், அதில் பிசிபி என்ற நச்சு இருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எண்ணெய் சூட்டை விழுங்கிவிடுவதில்லை, சிப்பிலிருந்து வாங்கிப் பெட்டியின் சுவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அதற்குமேல் அந்தச் சுவர்தான் வெளிக்காற்றில் சூட்டைக் கொட்ட வேண்டும். காற்று தானாக அசையும் இடத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 10 வாட் வெளியேற்றும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் போர்டு 30 வாட் இழுத்து, பெட்டியின் பரப்பு 0.3 சதுர மீட்டர் இருந்தால், சுவர் அறையைவிட 10 டிகிரி சூடாக நிற்கும். பரவாயில்லை, தாராளமாகத் தாங்கும். அதே போர்டைச் சின்ன டப்பாவுக்குள் திணித்தால் கணக்கு உதைக்கும். முதல் சில மணி நேரம் எல்லாம் ஜில்லென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், எண்ணெய் முழுக்கச் சூடேற அவ்வளவு நேரம் பிடிக்கும். பெட்டி அலுமினியமாக இருந்தால் நல்லது.

லேப்டாப்பின் சொந்த ஹீட்சிங்க்கில், அதாவது சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகத்தில், தகடுகள் நெருக்கமாக இருக்கும், கெட்டியான எண்ணெய் அதற்குள் சரியாக ஓடாது. இடைவெளி அதிகமுள்ள ஹீட்சிங்க் ஒன்றை மாட்டுங்கள்.

காற்றுப் புகாமல் மூடுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 5 லிட்டர் எண்ணெய் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 100 மில்லி பெருகும், விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடினால் ஏதாவது ஒரு மூலை பிளந்துகொள்ளும். மேலே காற்றுக்கு இடம் விடுங்கள். அப்புறம் ஒயர். உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகளின் இடுக்கு வழியாகவே எண்ணெய் மெதுவாக ஏறி, வெளியே மேஜையில் சொட்டும், மூடியை எவ்வளவு இறுக்கினாலும். அதனால் ஒயரை நேரடியாக வெளியே இழுக்காமல், மூடியில் கனெக்டர் பதித்து எபாக்ஸி பசை ஊற்றி அடைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் பிவிசி ஒயர்கள் நாளடைவில் விறைத்துப்போகும், ரப்பர் வாஷர் சில வகை உப்பிவிடும்.

கேள்வி: பேட்டரி, ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருக்கலாமா?

பதில்: லித்தியம் பேட்டரியைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள், மூடிய பெட்டிக்குள் அதற்கு இடமே இல்லை. சில மாடல்கள் பேட்டரி இல்லாவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதை முதலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்றுக்கான சின்னத் துளை உண்டு, எண்ணெய் நுழைந்தால் முடிந்தது கதை. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி தாராளமாக மூழ்கலாம். பயாஸுக்கான (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பட்டன் செல்லை மறக்காமல் புதிதாக மாற்றிவிட்டு மூடுங்கள், பிறகு அதற்காக எண்ணெயில் கைவிட யாருக்கும் மனசு வராது.

கேள்வி: ஃபேனைக் கழற்றினால் லேப்டாப் எழுமா?

பதில்: சிலது எழாது, ஃபேன் கோளாறு என்று சொல்லி நின்றுவிடும். பயாஸில் அந்தச் சோதனையை அணைக்க முடிகிறதா, கரண்ட் வந்ததும் தானாக எழும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஃபைல் சர்வருக்கு 10, 15 வாட்தான் செலவாகும் என்றால் எண்ணெயே தேவையில்லை, பயாஸில் டர்போவை (சிப் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி) அணைத்து, சிப்பை ஒரு தடித்த அலுமினியத் தகட்டோடு ஒட்டினாலே சத்தமில்லாமல் ஓடும். எண்ணெயில் முக்குவது ஆசைக்காக என்றால் சொல்லுங்கள், அதற்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒருமுறை எண்ணெயில் முக்கி எடுத்த போர்டைத் திரும்ப விற்க முடியாது.