பையை எங்கே விட்டீர்கள்?

ஜாலஹள்ளி ஆய்வு மாணவர்: பாசிட்ரோனியம் (எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் சேர்ந்த அணு) ஹைட்ரஜனோடு மோதும்போது என் குறுக்குவெட்டுப் பரப்பு (மோதல் வாய்ப்பின் அளவு), அச்சான கட்டுரையில் இருப்பதைப் போல மூன்று மடங்கு வருகிறது. புரோகிராமில் எங்கே தப்பு, சார்?

புரோகிராமில் இல்லை. நீங்கள் போர் ஆரத்தின் (ஹைட்ரஜன் அணுவின் ஆரம்) வர்க்கத்தில் எழுதுகிறீர்கள், அவர்கள் அதைப் பையால் (π) பெருக்கி அலகாக வைத்திருக்கிறார்கள். அட்டவணைத் தலைப்பிலேயே போட்டிருக்கும். முதலில் அலகைப் பாருங்கள்.

மல்லேஸ்வரம் ஆசிரியை: பாரா பாசிட்ரோனியத்தின் (இரு துகள்களின் தற்சுழற்சியும் எதிரெதிர்) ஆயுள் 0.125 நானோ நொடிதானே, மோதும்போதே அழிந்துவிடாதா?

அழியாது. 1 எலக்ட்ரான் வோல்ட்டில் மோதல் ஓரிரு ஃபெம்டோ நொடியில் முடிந்துவிடும். ஆயுள் அதைவிட ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேல் நீளம். தற்சுழற்சிகள் இணையாக இருக்கும் ஆர்த்தோவுக்கு 142 நானோ நொடி, கேட்கவே வேண்டாம்.

அல்சூர் வாசகர்: ஸ்டாட்டிக் எக்ஸ்சேஞ்ச் கணக்கில் (அணுக்களை அடிநிலையிலேயே வைத்து, எலக்ட்ரான் இடமாற்றத்தை மட்டும் சேர்ப்பது) சிங்லெட் (இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி எதிரெதிர்) சிதறல் நீளம், அதாவது சுழி ஆற்றலில் மோதலின் வலிமையைச் சொல்லும் நீளம், 7.2 போர் ஆரம் வந்தது. ஆய்வேட்டில் இதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

கூடாது. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. பாசிட்ரோனியத்தில் எலக்ட்ரானுக்கும் பாசிட்ரானுக்கும் ஒரே நிறை. அதனால் நிறை மையமும் மின்னூட்ட மையமும் ஒன்றாகிவிடுகின்றன, இரண்டு அணுக்களுக்கும் இடையிலான நேரடி நிலைமின் ஆற்றல் சுழியாகிறது. மிஞ்சுவது எக்ஸ்சேஞ்ச் எனும் எலக்ட்ரான் இடமாற்றமும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பும். இரண்டு அணுக்களும் சேர்ந்து கிளர்ச்சி நிலைகளுக்குப் போய்வருவதால் பிறப்பது அந்த ஈர்ப்பு. அணுக்களை அடிநிலையிலேயே உறைய வைத்துவிட்டு அதை எங்கே தேடுவது? ஞாயிறு விடியற்காலையில் சில்க் போர்டு சந்திப்பைப் பார்த்துவிட்டு பெங்களூரில் போக்குவரத்தே இல்லை என்று எழுதுகிற மாதிரி இது. நல்ல மாறுபாட்டுக் கணக்குகள் தருவது 4.3. பரப்பு நீளத்தின் வர்க்கத்தோடு வளரும் என்பதால் சுழி ஆற்றலில் உங்கள் விடை கிட்டத்தட்ட மூன்று மடங்கு, இந்த முறை பையைக் காரணம் சொல்ல முடியாது. டிரிப்லெட்டில் (எலக்ட்ரான்களின் தற்சுழற்சி இணை) உங்கள் முறையின் 2.5-க்கும் நல்ல கணக்கின் 2.2-க்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைக் காட்டி "நம் முறை போதும்" என்பவர்கள் வேறு. அங்கே பௌலி விதி எலக்ட்ரான்களை விலக்கி வைக்கிறது, உங்கள் முறைக்கு அதில் பெருமை இல்லை. நிலைகளைக் கூட்டிக்கொண்டே போங்கள், எண் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அதே பேசிஸில் (சேர்த்த நிலைகளின் தொகுப்பில்) பாசிட்ரோனியம் ஹைட்ரைடின், அதாவது இரண்டும் ஒட்டிக்கொண்ட மூலக்கூறின், பிணைப்பாற்றல் 1.07 எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் பக்கத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.

யஷ்வந்தபுரம்: பாசிட்ரோனியத்தின் ஆற்றல் 13.6 பெருக்கல் உந்தத்தின் வர்க்கம்தானே?

அது பாசிட்ரானுக்கு. இங்கே நிறை இரண்டு மடங்கு, ஆக 6.8. மறுபடியும், அலகு!

இந்திராநகர்: மியூவான் ஹைட்ரஜனுக்கு (எலக்ட்ரானுக்குப் பதில் 207 மடங்கு கனமான மியூவான்) எல்லா நீளத்தையும் 207-ஆல் வகுத்தால் சரியாகுமா?

186-ஆல். புரோட்டானும் அசையுமே! மியூவான் டியூட்டீரியம் டியூட்டீரிய மூலக்கூறோடு மோதினால் வெறும் வகுத்தல் உதவாது. மியூவான் மூலக்கூறு சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட்டில் தளர்வாகப் பிணையும்போது வெளிவரும் ஆற்றலைச் சுற்றியுள்ள மூலக்கூறின் அதிர்வும் சுழற்சியும் வாங்கிக்கொள்கின்றன. 1967-இல் வெஸ்மன் சொன்ன ஒத்ததிர்வு இது. வெப்பநிலை மாறினால் வீதமும் மாறும்.

அதே வாசகர்: ஹைட்ரஜன்–எதிர் ஹைட்ரஜன் (எதிர்ப்புரோட்டானும் பாசிட்ரானும் சேர்ந்த அணு) ஆற்றல் வளைவை தூரம் பூஜ்யம் வரை நீட்டலாமா?

முடியாது. கருக்கள் 0.74 போர் ஆரத்துக்குள் நெருங்கினால் எலக்ட்ரானும் பாசிட்ரானும் பாசிட்ரோனியமாகக் கழன்று போய்விடும்.