கை நாடு: கடல் இல்லாத ஒரு பழைய ஜப்பானிய மாகாணம் (கேள்வி பதில்)

டோக்கியோவுக்கு மேற்கே, யமனாஷியில் ஒன்பது வருடம் குடியிருந்தவன் நான். வேலை வேறு, பழைய வரலாறு தோண்டுவது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். அந்த ஊரின் பழைய பெயர் 'கை'. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கை நாடு என்கிறீர்களே, கைநாட்டு மாதிரி கேட்கிறது! அது உண்மையிலேயே தனி நாடா? (சேலம்)

சிரிக்காதீர்கள், முதல் ஒரு மாதம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. உச்சரிப்பு கிட்டத்தட்ட நம்முடைய 'கை'யேதான். பழைய மாகாணத்தை ஜப்பானியர் 'குனி' என்பார்கள். அந்தச் சொல்லுக்கே 'நாடு' என்றுதான் பொருள். அதனால் 'கை நாடு' என்பது தப்பில்லை. ஆனால் தனி அரசு இல்லை. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் சீனாவைப் பார்த்து ஜப்பானிய அரசவை நாட்டை மாகாணங்களாகப் பிரித்தது. கடைசியில் நிலைத்த கணக்கு 66 மாகாணங்கள், இரண்டு தீவுகள். கை அதில் ஒன்று. நான்கு தரங்களில் இரண்டாவது தரம்.

பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். மலை இடுக்கு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்பது பழையது. இரண்டு பெருவழிகள் சந்திக்கும் இடம் என்பது பின்னால் வந்தது. நிலத்தைப் பார்த்தால் இரண்டுமே பொருந்துகிறது.

வரைபடத்தில் இப்போது கை என்று எதுவும் இல்லையே? (கோவை)

1871இல் பழைய பிரிவுகளைக் கலைத்தபோது கை அப்படியே யமனாஷி என்ற புதிய நிர்வாகப் பகுதியாகிவிட்டது. எல்லை ஏறக்குறைய அதேதான். பல மாகாணங்கள் இரண்டு மூன்று துண்டாகவோ, பக்கத்து மாகாணத்தோடு சேர்ந்தோ போயின. மலைகள் சுற்றி நின்றதால் இதை வெட்டவும் ஒட்டவும் வழியில்லாமல் போயிற்று என்பது என் எண்ணம். யமனாஷி என்பது கை நாட்டின் நான்கு பழைய வட்டங்களில் ஒன்றின் பெயர். மற்றவை யட்சுஷிரோ, கோமா, ட்சுரு.

பெயர் செத்துவிடவில்லை. 2004இல் மூன்று ஊர்களைச் சேர்த்துக் 'கை நகரம்' என்று வைத்தார்கள். மறு வருடம் இன்னொரு கூட்டம் ஊர்கள் சேர்ந்து 'கோஷு நகரம்' ஆயின. கோஷு என்பதும் கை நாட்டின் இன்னொரு பெயர்தான். தலைநகர் கோஃபு. இதற்கு மேல் யமனாஷி நகரம் என்று ஒன்று தனியாக இருக்கிறது. தபால்காரர் பாவம்.

கடலே இல்லாத மாகாணம் 'கிழக்குக் கடல் வழி'யில் எப்படி வந்தது? (யாழ்ப்பாணம்)

நல்ல கேள்வி. மாகாணங்களை வழிகளாகத் தொகுத்தபோது கையைத் தோகைதோவில், அதாவது கிழக்குக் கடல் வழியில் சேர்த்தார்கள். காரணம் எளிது. மேற்கே இருந்த அன்றைய தலைநகரிலிருந்து வரும் அதிகாரி கடலோரமாக வந்து, சுருகா மாகாணத்தில் இடப்பக்கம் திரும்பி, ஃபூஜி மலையின் கிழக்கைச் சுற்றி மிசகா கணவாய் ஏறிக் கோஃபு சமவெளிக்குள் இறங்கினார். வடக்கிலிருந்த ஷினானோவோ மலை வழியில் சேர்ந்தது. ஆக, வகைப்படுத்தல் பாதையை வைத்துத்தான், நிலத்தை வைத்தல்ல.

நில அமைப்பை எளிமையாகச் சொல்லுங்கள். (தஞ்சாவூர்)

ஒரு கிண்ணம், பக்கத்தில் ஒரு சந்து.

கிண்ணம்தான் கோஃபு சமவெளி. மேற்கே ஜப்பானியர் 'தெற்கு ஆல்ப்ஸ்' என்று அழைக்கும் மலைத்தொடர். அதில் கிதாதாகே 3,193 மீட்டர், ஜப்பானின் இரண்டாவது உயரமான சிகரம். தெற்கே 3,776 மீட்டர் ஃபூஜி. வடக்கே யட்சுகாதாகே எரிமலைத் தொடர். காமனாஷி, ஃபுவேஃபுகி என்ற இரண்டு ஆறுகள் கிண்ணத்தின் தென்கோடியில் சேர்ந்து ஃபூஜி ஆறாகிச் சுருகா விரிகுடாவுக்குப் பாய்கின்றன. இந்தப் பகுதிக்குக் குனினாகா என்று பெயர்.

சந்து என்றது கிழக்குப் பகுதியை, அதாவது குன்னாய். அங்கே கட்சுரா ஆறு எதிர்த்திசையில் ஓடி சகாமி விரிகுடாவில் கலக்கிறது. தண்ணீர் வேறு பக்கம் போனால் பேச்சும் வேறு பக்கம் போகும் போலிருக்கிறது: குன்னாய்க்காரர் பேசுவது டோக்கியோ பக்கத்துப் பேச்சுக்கு நெருக்கம். நெல் அதிகம் விளையாத அந்தப் பகுதி பட்டு நெசவில் பிழைத்தது. நடுவில் சசகோ கணவாய். 1903இல் அதைக் குடைந்து 4,656 மீட்டர் ரயில் சுரங்கம் போட்டார்கள். 1931 வரை அதுதான் நாட்டிலேயே நீளமானது. அதே வருடம் கோஃபுவுக்கு ரயில் வந்தது.

ஃபூஜி மலை யாருக்குச் சொந்தம், கைக்கா சுருகாவுக்கா? (சிங்கப்பூர்)

வடக்கு முகம் கை, தெற்கு முகம் சுருகா. உச்சியில் எல்லைக்கோடு இன்றுவரை போடப்படவில்லை. இரண்டு பக்கத்தாரிடமும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், தேநீர் ஆறிவிடும்.

அழகைவிட இந்த மலை கைக்குச் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். 864இல் வடமேற்குச் சரிவு வெடித்து எரிமலைக்குழம்பு சே-நோ-உமி என்ற பெரிய ஏரியில் இறங்கியது. ஏரியின் பெரும்பகுதி மூடிப்போய், மிஞ்சியது இரண்டு துண்டு: சாய் ஏரி, ஷோஜி ஏரி. இன்றும் இந்த இரண்டும் பக்கத்து மோட்டோசு ஏரியும் ஒரே நீர்மட்டத்தில் நிற்கின்றன. அந்தக் குழம்புப் பாறையின் மேல்தான் அஓகிகஹாரா காடு வளர்ந்தது. வெடித்த மறு வருடம் அரசவை, கை நாட்டிலும் ஃபூஜியின் தெய்வமான அசமாவுக்கு ஆலயம் வைக்க உத்தரவிட்டது. மலையின் கோபத்துக்கு அதுவரை சுருகா மட்டும்தான் பூசை செய்துகொண்டிருந்தது.

தகேதா ஷிங்கென் பற்றிச் சொல்லாமல் விடுவீர்களா? கோட்டையே கட்டாதவர் என்பது உண்மையா? (சென்னை)

பதினாறாம் நூற்றாண்டில் கை நாட்டை ஆண்ட போர்த்தலைவர் அவர். கேட்டது பாதி உண்மை. 'மக்களே கோட்டை, மக்களே மதில், மக்களே அகழி' என்ற வரியை அவர் வாயில் வைப்பார்கள். அவர் இருந்தது ட்சுட்சுஜிகசகி என்ற அகழி சூழ்ந்த மாளிகை. அப்பா நோபுடோரா 1519இல் அங்கே குடியேறினார். கோஃபு என்ற ஊரே அப்போது பிறந்ததுதான். ஆனால் மாளிகைக்குப் பின்னால் மலைமேல் ஒரு கோட்டை தயாராக இருந்தது. 1521இல் எதிரிப் படை நெருங்கியபோது கர்ப்பிணித் தாய் அந்த மலைக்கு ஒதுங்கினார். ஷிங்கென் பிறந்ததே அங்கேதான் என்பார்கள். மக்கள்தான் கோட்டை, சரி. மலையும் கொஞ்சம் கைகொடுத்தது.

1541இல் அப்பாவைச் சுருகாவுக்குத் துரத்திவிட்டு ஆட்சியைப் பிடித்தார். அப்புறம் வாழ்நாள் முழுக்கப் போர். வடக்கே கடலோர மாகாணமான எச்சிகோவை ஆண்ட உஎசுகி கென்ஷினோடு 1553 முதல் 1564 வரை கவனகஜிமாவில் ஐந்து முறை மோதல். 1561இல் நடந்த நான்காவதுதான் கடுமை. தம்பி நோபுஷிகே அதில் இறந்தார். அந்தக் களம் கையில் இல்லை, ஷினானோவில் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஷிங்கென் கைக்குள் போர் நடக்கவே விடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் இன்னும் அவர் பெயருக்குப் பின் 'கோ' என்ற மரியாதை விகுதி சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1573இல் படையெடுப்பின் நடுவில் நோயில் இறந்தார். மகன் கட்சுயோரி 1575இல் நாகஷினோவில் ஓடா நோபுனாகா, தோகுகாவா இயேயாசு இருவரின் கூட்டுப் படையிடம் தோற்றார். 1582இல் குன்னாயை ஆண்ட ஒயமதா கடைசி நேரத்தில் கைவிட, தென்மோகு மலையடியில் தகேதா குலம் முடிந்தது.

எதிரிக்கு உப்பு அனுப்பிய கதை நிஜமா? (மதுரை)

நடந்தது இது. ஷிங்கென் சுருகாவின் இமகவா குலத்தோடு உறவை முறித்துக்கொண்டார். உடனே இமகவாவும் கூட்டாளி ஹோஜோவும் கைக்குப் போகும் உப்பை நிறுத்தினார்கள். கடலில்லாத நாட்டுக்கு இதைவிடக் கொடிய முற்றுகை கிடையாது. வீரனை வாளால் வெல்ல வேண்டும், உப்பால் அல்ல என்று சொல்லி, பரம எதிரி கென்ஷின் உப்பு அனுப்பினார் என்பது கதை. இன்றும் ஜப்பானிய மொழியில் 'எதிரிக்கு உப்பு அனுப்புவது' என்றால் இடரில் இருக்கும் எதிரிக்கு உதவுவது.

கென்ஷின் மூட்டை மூட்டையாக அனுப்பியதற்கு அக்காலச் சான்று பலவீனம். அவர் தன் நாட்டு வணிகர் உப்பு விற்பதைத் தடுக்கவில்லை என்பதே நம்பத்தகுந்தது. வணிகருக்கும் நல்ல விலை கிடைத்திருக்கும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னது நம் மொழி; அவர்களோ உப்பை விற்றவரையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷிங்கென் என்ன செய்தார்? 1568இன் இறுதியில் சுருகாவுக்குள் நுழைந்துவிட்டார். கடலைப் பிடித்தாயிற்று.

ஷிங்கென் கரை என்பது வெறும் மண் அணையா? (திருச்சி)

வெறும் அணை இல்லை, அதுதான் விசேஷம். தெற்கு ஆல்ப்ஸிலிருந்து செங்குத்தாக விழுந்து வரும் மிதாய் ஆறு, காமனாஷியில் மோதிக் கோஃபு சமவெளியை வருடாவருடம் மூழ்கடித்தது. மோதலை எதிர்த்து நிற்காமல் திருப்பிவிட்டார்கள். மிதாயின் ஓட்டத்தைப் பிரித்து, காமனாஷியின் எதிர்க்கரையில் இருந்த தகாஇவா பாறைமுகத்தில் மோதவிட்டு வேகத்தைக் குறைத்தார்கள். அதற்குக் கீழே கரை. ஆற்றோரங்களில் கரையைத் தொடர்ச்சியாகக் கட்டாமல், ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுக் கட்டும் முறையும் இங்கே உண்டு. வெள்ளம் வந்தால் இடைவெளி வழியே மெதுவாக வயலில் ஏறும், வடிந்ததும் அதே வழியில் ஆற்றுக்குத் திரும்பும். மரக்கட்டைகளை முக்கோணமாகக் கட்டிக் கல் ஏற்றி ஆற்றில் இறக்குவார்கள். அதற்குப் 'புனிதக் காளை' என்று பெயர். கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும்.

ஏப்ரலில் போனால் திருவிழா பார்க்கலாம். ஆண்கள் பெண்களைப் போல ஒப்பனை செய்துகொண்டு, தெய்வப் பல்லக்கைத் தூக்கி, 'சோகோதாய், சோகோதாய்' என்று குரல் கொடுத்துக் கரையைப் பாதத்தால் மிதிப்பார்கள். மண் இறுக வேண்டுமே. நான் பார்த்த பராமரிப்புப் பணிகளில் இதுதான் மிக மகிழ்ச்சியானது.

போருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? (ஈரோடு)

தங்கம். குரோகாவா, யுனோஒகு சுரங்கங்கள். எடைபோட்டுக் கொடுக்கும் தங்கத்தை விட்டு, முகமதிப்புள்ள நாணயமாக வார்த்தார்கள். 1 ரியோ = 4 பு = 16 ஷு. எல்லாமே நான்கின் மடங்கு. பின்னால் இயேயாசு நிறுவிய தோகுகாவா அரசு ஜப்பான் முழுவதற்கும் இந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டது. தோற்ற குலத்தின் காசுக் கணக்கு 1871இல் யென் வரும்வரை ஓடியது.

தகேதாவுக்குப் பிறகு? (புதுச்சேரி)

சுருக்கமாக: தோகுகாவா வசம் போய், டொயோடோமி குலம் ஜப்பானை ஆண்ட காலத்தில் கோஃபு கோட்டை எழும்பி, மறுபடி தோகுகாவாவிடம் வந்தது. 1724இலிருந்து தோகுகாவா அரசின் நேரடி ஆட்சி. எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, கோஃபு காவலுக்கு மாற்றலாகும் சாமுராய்கள் அதை 'மலைக்கு நாடுகடத்தல்' என்றார்கள். மாற்றல் உத்தரவு எந்த ஊரிலும் மாற்றல் உத்தரவுதான்.

ஃபூஜி ஆற்றில் படகுப் போக்குவரத்து பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திறந்தது. கீழே போவது நெல், மேலே வருவது உப்பு. இறங்க அரை நாள்; ஏற நாலைந்து நாள், கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுக்க வேண்டும்.

அந்தப் பக்கம் ஏதோ விசித்திர நோய் இருந்ததாமே? (வேலூர், மருத்துவ மாணவி)

இருந்தது, அம்மா. ஷிங்கெனைவிட இதைத்தான் நான் அதிகம் படித்தேன். கோஃபு சமவெளியின் தாழ்ந்த வயல்களில் வேலை செய்தவர்களுக்கு வயிறு ஊதி, கைகால் மெலிந்து, இறப்பார்கள். பல நூற்றாண்டாகக் காரணம் தெரியவில்லை. 1897இல் சுகியாமா நகா என்ற விவசாயப் பெண், தான் இறந்ததும் உடலை அறுத்துப் பார்த்துக் காரணம் கண்டுபிடியுங்கள் என்று தானே முன்வந்தார். அந்தக் காலத்தில், ஒரு கிராமத்தில்! 1904இல் கட்சுராதா ஃபுஜிரோ அந்தப் பகுதிப் பூனை ஒன்றின் உடலில் நோய்க்குக் காரணமான புழுவைக் கண்டார். நீங்கள் பாடத்தில் படிக்கும் ஷிஸ்டோசோமா ஜப்போனிகம். 1913இல் மியாஇரி கெய்னொசுகே, அது ஒரு சிறு நத்தையில் வளர்கிறது என்று காட்டினார்.

மருந்தால் மட்டும் தீரவில்லை. நத்தை வாழும் வாய்க்கால்களை 2,000 கிலோமீட்டருக்கு மேல் சிமெண்ட் பூசினார்கள். நெல் வயல் பல பழத்தோட்டமாயிற்று. 1996இல்தான் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். யமனாஷி பீச்சு, திராட்சை என்று இன்று விளம்பரப்படுத்தும் தோட்டங்களில் ஒரு பகுதிக்குப் பின்னால் இந்தக் கதை நிற்கிறது.

திராட்சை அதற்கு முன்பே இருந்ததா? (கொழும்பு)

இருந்தது. மேட்டுப்பகுதியான கட்சுனுமாவில் கோஷு திராட்சை மிகப் பழையது. 718இல் கியோகி துறவி கண்ட கதை ஒன்று, 1186இல் ஒரு விவசாயி கண்ட கதை ஒன்று. மரபணுவோ, மேற்காசியத் திராட்சையில் கொஞ்சம் சீனக் காட்டுத் திராட்சை கலந்தது என்கிறது. பட்டுப் பாதையில் நடந்து வந்திருக்கிறது. 1877இல் ஒயின் நிறுவனம் தொடங்கி, அதே வருடம் இரண்டு இளைஞர்களை பிரான்ஸுக்குப் படிக்க அனுப்பினார்கள்.

ஒரு நாள் பயணமாகப் போகலாமா? நான் சைவம், என்ன சாப்பிடுவது? (பெங்களூரு)

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம். ரயிலின் பெயரைப் பாருங்கள், 'கைஜி': கை நாட்டுப் பாதை. ட்சுட்சுஜிகசகி மாளிகை இருந்த இடத்தில் 1919இல் எழுந்த தகேதா ஆலயம், அப்புறம் ஷிங்கென் கரை. நேரமிருந்தால் எரின்ஜி மடம்.

சாப்பாடுதான் சங்கடம். கோஃபுவின் பெயர்போன பண்டம், கடலே இல்லாத ஊரில், சோயா சாறில் வெந்த அபலோன் என்ற கடல் நத்தை. சுருகாவிலிருந்து மரப்பீப்பாயில் குதிரைமேல் ஏற்றி விட்டால், ஊர் சேரும்போது பக்குவமாக ஊறியிருக்குமாம். அது உங்களுக்கு ஆகாது. ஹோதோ கேளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள்: பட்டையான கோதுமை நூடுல்ஸ், பூசணிக்காய், காளான், மிசோ. பார்க்க முழுச் சைவம். ஆனால் சாறு பெரும்பாலும் உலர்த்திய நெத்திலி போட்டுக் கொதிக்கவைத்தது. பூசணியைப் பார்த்து ஏமாறாமல், உட்காரும் முன்பே 'நிபோஷி' இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.